ஒரு நாளமும் ஒன்பது நாளமும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மார்பில் பால் நாள அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. எனக்கு 46 வயதில், இடது மார்பில் ஒரே ஒரு நாளத்தை எடுத்தார்கள். பதினொரு மாதம் கழித்து என் மதினிக்கு, அவருடைய 57 வயதில், வலது காம்புக்குப் பின்னால் இருந்த நாளங்கள் அத்தனையையும் எடுத்தார்கள். இருவருமே காலையில் வெறும் வயிற்றோடு போய் அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டோம். இருவருக்கும் தழும்பு ஒரே இடத்தில்தான், காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தின் ஓரத்தில். இருவரிடமும் டாக்டர்கள் சொன்னதும் ஒரே வார்த்தை: "சின்ன ஆபரேஷன்தாம்மா."

கத்தியைப் பொறுத்தவரை அது உண்மை. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அதற்கப்புறம் வரப்போகிற ஆறு வாரத்தைப் பற்றி அந்த வார்த்தை எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த தொந்தரவுகளை அளவுகோலாக வைத்து மதினிக்குப் போனில் யோசனை சொன்னேன். அதில் ஒன்று அவருக்குத் தீங்காக முடிந்தது. அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது. அக்கா தங்கை போலத் தெரிகிற இந்த இரண்டு அறுவை சிகிச்சைகளும் உடம்பில் விட்டுப்போகிற சுவடுகள் வேறு வேறு. எது எதற்குரியது என்று தெரியாமல், பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயந்தோம். கவனிக்க வேண்டியதைக் கோட்டை விட்டோம்.

முதலில் எதற்காக வெட்டினார்கள் என்பதிலேயே வித்தியாசம் தொடங்குகிறது.

துணி துவைக்கப் போடும்போது உள்ளாடையின் உட்புறம் டீக்கறை மாதிரி ஒரு புள்ளி. முதல் நாள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது நாளும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. அழுத்தாமல், பிதுக்காமல், தானாகக் கசிந்திருக்கிறது. அதுவும் ஒரு பக்கம் மட்டும், காம்பில் ஒரே ஒரு துளையிலிருந்து. டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்பது இந்த மூன்று விஷயங்களைத்தான். இரண்டு மார்பிலும் பால் போல வருகிறது என்றால் பெரும்பாலும் ஹார்மோன் பக்கமோ மாத்திரை பக்கமோ பார்ப்பார்கள். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன்கூட அப்படிச் செய்யும். ஒரு பக்கம், ஒரு துளை, இரத்தம் கலந்தது அல்லது தண்ணீர் போலத் தெளிந்தது என்றால், அந்த நாளத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இரத்தம் கசிவதற்கு மிகப் பொதுவான காரணம் பாப்பிலோமா, அதாவது நாளத்தின் உட்சுவரில் மரு மாதிரி வளரும் சின்னக் கட்டி. பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் சில பேருக்கு அதே கசிவின் பின்னால் புற்றுநோய் இருப்பதுண்டு. எடுத்துப் பரிசோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது.

மதினியின் கதை நீளம். நாலைந்து வருடமாகவே அவருக்குக் காம்பில் பச்சையும் பழுப்புமாகப் பசை போல ஒன்று வந்துகொண்டிருந்தது, ஒரு துளையில் இல்லை, பல துளைகளில். நாளங்கள் அகண்டு, அவற்றில் கழிவு தேங்கி, சுற்றியுள்ள சதை அழன்றுபோகிற நிலை அது. புகைபிடிக்கும் பெண்களுக்கு இந்த அழற்சி அதிகம் வரும் என்பார்கள். மதினி புகையிலை வாசனைகூட ஆகாதவர். மூன்று தடவை கருவட்டத்தின் அடியில் சீழ் கட்டி, மூன்று தடவை கீறி எடுத்தார்கள். மூன்றாவது தடவை கீறும்போது, "இதை வேரோட எடுத்துத் தொலைச்சா என்ன?" என்று அவரே கேட்டுவிட்டார்.

ஆக, நான் உள்ளே போனது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள. அவர் போனது ஒரு தொல்லையைத் தீர்த்துக்கொள்ள. குணமாகிற நாட்களின் மனநிலையை இது எவ்வளவு தூரம் மாற்றும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

நாளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனின் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர், இறந்த பெண்களின் மார்பு நாளங்களுக்குள் நிறம் கலந்த மெழுகைச் செலுத்தி, அவை கிளை பிரியும் அழகை 1840இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அந்த மரபில் வந்த பாடநூல்கள் ஒரு மார்புக்கு 15 முதல் 20 நாளம் என்று வெகுகாலம் சொல்லிவந்தன. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, காம்புக்கு வந்து சேரும் முக்கிய நாளங்கள் சராசரியாக 9தான் இருந்தன. ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருந்தது. அவை காம்புக்கு மிக அருகிலேயே கிளை பிரிந்தன என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஒன்றை எடுப்பது என்பது இருபதில் ஒன்று போவது மாதிரி இல்லை, கிட்டத்தட்ட ஒன்பதில் ஒன்று. எல்லாவற்றையும் எடுப்பது என்றால் அந்த மார்புக்கும் காம்புக்கும் இருந்த வழியே அடைபடுகிறது.

எனக்கு, கசிகிற துளைக்குள் கண்ணீர்ப்பைக்கு டாக்டர்கள் பயன்படுத்தும் மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்றை விட்டு, நாளம் எந்தப் பக்கம் போகிறது என்று பிடித்துக்கொண்டு, கருவட்ட ஓரத்தைக் கீறி, அந்த ஒரு நாளத்தை மட்டும் சில சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றுச்சதையோடு எடுத்தார்கள். வழி தெரிவதற்காக நீலச் சாயமும் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறார்கள். மதினிக்குச் செய்தது 1960இல் ஹாட்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிவைத்த முறையின் வழி வந்தது: கருவட்டத்தைக் கதவு போலத் தூக்கி, காம்பின் அடிப்புறத்தில் எல்லா நாளங்களையும் ஒட்ட அறுத்து, அவற்றின் கீழிருக்கும் சதையைக் கூம்பு வடிவில் எடுப்பது. காம்பு உள்ளே விழுந்துவிடாமல் இருக்க அடியில் தையல் போட்டுத் தாங்கல் கொடுப்பதுண்டு. காம்புக்குப் போகும் நரம்பிழைகளும் சின்ன இரத்தக் குழாய்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன என்பதை இந்த இடத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த முக்கால்வாசித் தொந்தரவுக்கு விடை இதில் இருக்கிறது.

முதல் மூன்று நாள் இருவருக்குமே சுலபமாகப் போனது, இரண்டு அதிர்ச்சிகளைத் தவிர. ஆபரேஷன் அன்று இரவு பாத்ரூம் விளக்கு வெளிச்சத்தில் என் சிறுநீர் இளம்பச்சையாக இருந்தது. கிட்னி போய்விட்டது என்றே நினைத்தேன். கணவரை எழுப்பினேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டியூட்டி நர்ஸ் தூக்கக் குரலில், "அது சாயம் சார், ரெண்டு நாள்ல போயிரும்" என்றார். போய்விட்டது. தோலில் தங்கிய நீலம் மட்டும் மூன்று மாதம் இருந்தது, வெண்டைக்காய்க் காம்பு அளவுக்கு ஒரு திட்டு. சாயம் போட்டதை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த வரி இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். அந்தச் சாயம் இரத்தத்தில் கலந்தால் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.

மதினிக்குச் சாயம் போடவில்லை. அவருக்கு வந்த அதிர்ச்சி வேறு. இரண்டாம் நாள் மார்பின் கீழ்ப்பாதி கத்தரிப்பூ நிறம். நாலாம் நாள் அந்த நிறம் இறங்கி மார்புக்கடி மடிப்பைத் தாண்டி விலாவரை வந்துவிட்டது. "பரவுது தாயி" என்று போனில் அழுதார். பரவவில்லை, வடிந்தது. தோலுக்கடியில் கசிந்த இரத்தம், எடை இழுக்கிற பக்கம் கீழே இறங்குகிறது. ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறைகிறது. பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வீக்கத்தை. ஆபரேஷன் முடிந்த முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் மார்பு கல் மாதிரி விண்ணென்று வீங்கி வலி ஏறிக்கொண்டே போனால், உள்ளே இரத்தம் தேங்குகிறது என்று பொருள்; காத்திருக்காமல் ஓட வேண்டும். அவருக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது, எனக்குத் தேவைப்படாதது: காம்பின் நிறம். எல்லா நாளங்களையும் எடுக்கும்போது காம்புக்குப் போகும் இரத்தம் குறைந்து, அபூர்வமாக அதன் நுனி கறுத்துப் பொருக்கு தட்டலாம். புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் காம்பைப் பார்க்கச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் மதினி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இருவருக்கும் பொதுவாக வந்தவை சில: மயக்கத்தின்போது குழாய் வைத்ததில் இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு, ட்ரமடால் மாத்திரையால் குமட்டல், நாலு நாள் மலச்சிக்கல். மார்பில் ஆபரேஷன் பண்ணினால் ஏன் மலம் இறுகுகிறது என்று யாருக்கும் தோன்றாது. வலி மாத்திரைதான் காரணம். நான் பாராசிட்டமாலுக்கு மாறினேன், சரியாயிற்று.

உணர்ச்சிக்கு வருகிறேன். எங்கள் இருவர் பாதையும் முழுக்கப் பிரிந்தது இங்கேதான்.

காம்புக்கு உணர்ச்சி தருவது முக்கியமாக நான்காவது விலா இடைநரம்பின் கிளைகள். பக்கவாட்டிலிருந்தும் நடுமார்புப் பக்கமிருந்தும் வந்து, காம்பின் அடியில் பின்னிக்கொள்கின்றன. எனக்கு அந்தப் பின்னலில் ஒரு மூலைதான் வெட்டுப்பட்டது. மூன்றாவது வாரம் வரை தழும்பைச் சுற்றி லேசான மரமரப்பு. நாலாவது வாரத்தில் ஒரு நாள், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது, சுளீர் என்று மின்சாரம் பாய்ந்தது மாதிரி ஒரு குத்து. காம்பிலிருந்து அக்குள் பக்கம் ஓடி மறைந்தது. கைப்பிடியை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் நாளுக்கு ஐந்தாறு தடவை வந்தது. கூடவே, சொறியவும் முடியாத, சும்மாவும் இருக்க விடாத ஆழமான அரிப்பு. பருத்தி ரவிக்கைகூட உப்புத்தாள் மாதிரி உரசியது. காம்பு குளிருக்குச் சம்பந்தமில்லாமல் விறைத்துக்கொண்டது. நோய் திரும்புகிறது என்று நான் நினைத்தது இதைத்தான். உண்மையில் அது நரம்பு வளர்கிற அறிகுறி. அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் நீளும். நீளும்போது அதன் நுனி கன்னாபின்னாவென்று சேதி அனுப்பும். பூந்துவாலையால் நாளுக்கு இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தடவிப் பழக்கச் சொன்னார் டாக்டர். முதலில் சகிக்கவில்லை. இரண்டு மாதத்தில் தணிந்தது. முழுதும் போக முக்கால் வருடம் ஆயிற்று.

மதினிக்கு இதில் எதுவுமே வரவில்லை. குத்தல் இல்லை, அரிப்பு இல்லை, உரசல் இல்லை. "நீ அப்பப்பா அப்பப்பாங்கிறே, எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று முதல் மாதம் பெருமையாகச் சொன்னார். இரண்டாம் மாதம் அந்தக் குரல் மாறியது. "தொட்டா மரத்துக் கெடக்கு. யாரோடதையோ தொடுற மாதிரி இருக்கு." பின்னலையே அடியோடு அறுத்தால் உணர்ச்சி மங்கவும், நிரந்தரமாகப் போகவும் வாய்ப்பு கூடும். சம்மதப் படிவத்தில் அந்த வரி ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டார், மதினி பெருவிரல் மை துடைத்துக்கொண்டு உள்ளே போனார். 57 வயதில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை கோபமூட்டுகிறது. தன் உடம்பில் உள்ளங்கை அகலம் தன்னுடையதாக இல்லாமல் போவது எந்த வயதிலும் இழப்புதான். அதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பது வேறு, பிற்பாடு தடவிப்பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு. முன்பே சொல்லியிருந்தாலும் மதினி சம்மதித்திருப்பார், சீழ் கட்டின வலி அப்படி. அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

என் கதையில் எல்லாரையும் திகைக்க வைத்தது கயிறு. மூன்றாவது வார முடிவில் மாடியில் துணி காயப்போட இடது கையைத் தூக்கினேன். மார்பின் அடியிலிருந்து மேல்வயிறு வரை தோலுக்குள் ஏதோ ஒன்று சுண்டி இழுத்தது. நைட்டியை விலக்கிப் பார்த்தால், பாவாடை நாடாவைத் தோலுக்கடியில் வைத்து இழுத்துக் கட்டினாற்போல் ஒரு நீளக் கோடு. கையை இறக்கினால் மறைந்தது, தூக்கினால் பள்ளம் விழுந்து தெரிந்தது. விரலால் தடவினால் கயிறேதான். பயாப்சி ரிசல்ட் நல்லபடியாக வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. தோலுக்கடியில் வேர் விட்டு ஓடுகிறது என்றால் அது வேறு என்னவாக இருக்கும்?

மறுநாள் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார்: மாண்டோர். ஆன்ரி மாண்டோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1939இல் விவரித்த நிலை இது. தோலுக்கு நேர் அடியில் ஓடும் ஒரு சிரையில் இரத்தம் உறைந்து, அது கயிறாக இறுகிவிடுகிறது. மார்பில் எந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும், ஏன், இறுக்கமான உள்ளாடையாலோ அடி பட்டாலோகூட வரலாம். காலில் சிரை உறைந்தால் நுரையீரலுக்குப் போகும் என்கிற பயம் இதற்கு இல்லை. இது மேலோட்டமான சிரை. சில வாரத்தில் தானே கரையும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம், ஐபுரூஃபன், கை அசைப்பதை நிறுத்தாமல் இருப்பது, அவ்வளவுதான் வைத்தியம். அபூர்வமாகப் புற்றுநோயோடும் சேர்ந்து வரும் என்பதால், டாக்டர் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஐந்தாவது வாரம் என் கயிறு கரைந்து, துணி காயப்போடும் கொடிக்கு மறுபடி கை எட்டியது.

இப்போது நான் செய்த தவறு. ஒன்றரை மாதத்தில் மதினியின் தழும்புக்கடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கடினம் தட்டுப்பட்டது. எனக்கு ஒத்தடம் கேட்டதே என்று, "மதினி, சூடா ஒத்தடம் குடுங்க, கரைஞ்சிரும்" என்றேன். அவர் வெந்நீர்ப் பையை எடுத்து, துணி சுற்றாமல், காம்பு மேலேயே வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது. சுடுகிறது என்று சொல்ல நரம்பு இல்லை. எடுத்துப் பார்த்தபோது ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். ஆற மூன்று வாரம் ஆனது. என் உடம்பில் மருந்தாக இருந்தது அவர் உடம்பில் காயமானதற்கு, ஒரே பெயரில் இரண்டு ஆபரேஷன்களையும் நான் போட்டுக்கொண்டதுதான் காரணம். நாளம் முழுதும் எடுத்தவர்கள் வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ அந்த இடத்தில் வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் உணர்ச்சி உள்ள கையால் சூடு பார்த்து, துணி சுற்றி, நிமிடக் கணக்கில்.

அந்தக் கடினமும் ஒத்தடத்தில் கரைகிற ஜாதி இல்லை. கூம்பு வடிவில் சதை எடுத்த பள்ளத்தில் முதலில் நீர் கோக்கும். அதை உடம்பு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், அதிகம் என்றால் ஊசியில் இழுத்துவிடுவார்கள். அங்கிருக்கும் கொழுப்பு இரத்த ஓட்டம் குறைந்து மடிந்தால், வாரங்களோ மாதங்களோ கழித்துக் கெட்டியான உருண்டையாகத் தட்டுப்படும். தீங்கில்லாதது. ஆனால் கைக்கும், சில சமயம் மேமோகிராமுக்கும்கூட, கட்டி போலவே தோற்றம் காட்டும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாகத் தட்டுப்படும் எதையும் தழும்பு என்று நாமே தீர்மானித்து விட்டுவிடக் கூடாது, காட்டிவிட வேண்டும். எனக்கு வெட்டு சிறிது என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

காய்ச்சலும் அவருக்குத்தான் வந்தது. எட்டாம் நாள் தழும்போரம் சிவந்து, தொட்டால் கொதித்து, உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பலமுறை சீழ் கட்டிய இடத்தில் கிருமி ஏற்கெனவே குடியிருக்கும். அதனால் இப்படிப்பட்ட நாளங்களை எடுத்தவர்களுக்குப் புண் சீழ் பிடிக்கும் வாய்ப்பு என்னைப் போன்றவர்களைவிட அதிகம். ஆன்டிபயாடிக்கில் அடங்கியது. அடங்காமல், கொஞ்சம் நாளம் உள்ளே மிச்சமும் இருந்துவிட்டால், கருவட்ட ஓரத்தில் சின்னத் துளை விழுந்து புரையோடும். மூடுவதும் திறப்பதுமாக வருடக்கணக்கில் இழுக்கும். 1951இல் சுஸ்கா என்பவரும் உடன் இருவரும் இதை எழுதிவைத்ததால் அந்தப் புரைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. இதற்கு நடுவில் மதினியின் மாமியார், அதாவது என் அம்மா, தயிர் சீழ் வைக்கும், கத்தரிக்காய் புண்ணைக் கிளறும், கருவாடு ஆகவே ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தார். பத்துநாள் ரசஞ்சோறு தின்ற உடம்பு எதைக் கொண்டு சதை வளர்க்கும்? முட்டையும் பருப்பும் தரச்சொல்லி டாக்டர் சொன்னதை நான் போய் அம்மாவிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. புண்ணில் மஞ்சள் அப்பாமல் தடுத்ததே பெரிய காரியம்.

கசிவு விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஒன்பதாம் நாள் என் உள்ளாடையில் மறுபடியும் பழுப்புக்கறை. எதை நிறுத்த ஆபரேஷன் செய்தோமோ அதுவே! காயத்தின் குழியில் தேங்கிய பழைய இரத்தம் காம்பு வழியாகச் சில நாள் வடியும் என்று டாக்டர் சொன்னார்; அப்படித்தான் நின்றது. புண் ஆறிய பிறகும் வந்தால் கதை வேறு: எனக்கு மற்ற நாளங்கள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் இன்னொரு பாப்பிலோமா வரலாம். மதினிக்கு இனி அந்தப் பக்கம் கறை விழாது, வழியே இல்லை. நிம்மதிதான். அதே சமயம், உள்ளே ஏதாவது கோளாறு என்றால் கசிந்து சொல்கிற ஒரு வாயும் அதோடு மூடிக்கொண்டது. அந்த மார்பை மேமோகிராமும் கையும்தான் இனிப் பார்க்க வேண்டும். இதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு மதியம் பூராவும் ஆனது. "எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குப் படம்?" என்பது அவர் கேள்வி. எடுத்தது காம்புக்குப் பின்னால் இருந்த குழாய்களை மட்டும். மார்புச் சதை அப்படியே இருக்கிறது.

பாலூட்டல் எங்கள் இருவருக்குமே கடந்துபோன விஷயம். ஆனால் இந்த ஒப்பீட்டில் இளம்பெண்களுக்கு முக்கியமானது அதுதான். ஒரு நாளம் போனால் மிச்ச நாளங்களில் பால் வரும். எல்லாம் போனால் அந்தப் பக்கம் பாலூட்ட முடியாது. பிரசவமானதும் சுரந்து வெளியேற வழியின்றி சில நாள் கட்டி வலித்து, பிறகு வற்றும். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு முடிந்தவரை ஒற்றை நாளத்தோடு நிறுத்தப் பார்ப்பது இதனால்தான்.

வலியைக் கணக்கெடுத்தால் மதினி பட்டது அதிகம். பயத்தைக் கணக்கெடுத்தால் நான். பயாப்சிக்கு அனுப்பிய துணுக்கு பேசும்வரை ஒன்பது நாள் நான் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன்: இன்று வீக்கம் இவ்வளவு, இன்று வலி இவ்வளவு. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. மதினியின் துணுக்கும் பரிசோதனைக்குப் போனது. அவர் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சீழ் வராத முதல் மழைக்காலம் வந்ததும் அவர் முகம் பத்து வயது குறைந்தது. காம்பு கொஞ்சம் உள்ளடங்கி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. "இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். என் காம்பு நேராகத்தான் இருக்கிறது. நான்தான் இன்றும் துவைக்கப் போடும் முன் உள்ளாடையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

வேலைக்குத் திரும்பியதில் ஒரு சின்னக் குறிப்பு. நான் பத்தாம் நாள் ஸ்கூட்டர் எடுத்தேன், முதல் வேகத்தடையிலேயே இடது கையால் மார்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரம் இரவும் பகலும் கம்பியில்லாத, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டிருப்பது வலியைப் பாதியாக்கும். இதை யாராவது சொல்லும்வரை இருவரும் "காத்தாட இருக்கட்டும்" என்று நைட்டியோடு கிடந்தோம். மதினி மூன்றாம் வாரம் கிரைண்டர் குழவியைத் தூக்கி, நாலு நாள் படுத்தார். அவருக்கு ஆறு வாரம் அது கூடாது என்று முன்பே தெரிந்திருந்தால் என் அண்ணனாவது தூக்கியிருப்பார்.

போன மாதம் இருவரும் சேர்ந்தே மேமோகிராமுக்குப் போனோம். உள்ளே இருந்த பெண், முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மதினி, "இவளுக்கு எடம் இடது, ஒண்ணுதான் எடுத்தது. எனக்கு வலது, பூராவும் எடுத்தாச்சு. பக்கத்துல மரத்துக் கெடக்கும், அழுத்துறப்ப நீதான் பாத்துக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டு, மஞ்சப்பையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அதைப் படித்து, படிவத்தில் எழுதிக்கொண்டு, தழும்பு படத்தில் தெரிவதற்காக மெல்லிய கம்பி வைத்த ஸ்டிக்கரை எங்களுக்கு ஒட்டினார். என் தழும்பில் அது ஒட்டியபோது குளிர்ந்தது. மதினி குனிந்து பார்த்து, ஒட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.